கடலுக்குள் இறங்கும் கார்பன்: கணக்கெடுக்கும் ஆளில்லா மிதவைகள்

நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் நாம் காற்றில் கலக்கும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் எடுத்துக்கொள்கிறது. பள்ளிப் பாடப் புத்தகத்திலோ நாளிதழிலோ இதைப் பலரும் படித்திருப்போம். ஆனால் எடுத்துக்கொண்ட கார்பனைக் கடல் எங்கே வைக்கிறது? எவ்வளவு காலம் வைத்திருக்கிறது? மேல்மட்டத்திலிருந்து ஆழத்துக்கு அது எப்படிப் போகிறது? அதை எதைக்கொண்டு அளக்கிறார்கள்? இவை அதிகம் பேசப்படுவதில்லை.

இவை விஞ்ஞானிகளுக்கு மட்டுமான கேள்விகள் அல்ல. "கடலில் இரும்புச் சத்தைக் கரைத்தால் பாசி பெருகும்; பாசி கார்பனை எடுத்துக்கொண்டு கடலடிக்குப் போய்விடும்; பூமியின் சூடு தணியும்" என்று சொல்லும் திட்டங்கள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. அப்படி மறையும் கார்பனுக்குக் கணக்குக் காட்டி, 'கார்பன் கிரெடிட்' என்ற பெயரில் விற்றுப் பணமாக்கும் நோக்கமும் சில திட்டங்களுக்கு உண்டு. ஒரு பொருளை விற்க வருபவரிடம் எடையைக் கேட்பது நம் வழக்கம். இங்கேயும் கேட்க வேண்டியது அதுதான்: ஆழத்துக்குப் போன கார்பனை அளந்து பார்த்தீர்களா?

அந்த அளவையைச் சாத்தியமாக்கியவை, ஒளியைக் கொண்டு துகள்களை அளக்கும் ஆளில்லாக் கருவிகள். அவை எப்படி வேலை செய்கின்றன, இதுவரை என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்ப்போம்.

கடலின் பாசியும் கடற்பனியும்

கடலில் வெயில் நன்றாக எட்டுவது மேலே உள்ள சுமார் 100 மீட்டர் வரைதான். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்பாசிகள் அங்கேதான் வாழ்கின்றன. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி இவற்றால் நடக்கிறது. ஆனால் எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும், இவற்றின் உடலில் இருக்கும் கார்பன், நிலத்துத் தாவரங்களில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காரணம் எளிது. ஒரு மரம் நூறு ஆண்டு நிற்கும். நுண்பாசி சில நாட்களில் பிறந்து, பிரிந்து, பெருகி, யாருக்காவது இரையாகிவிடும்.

இரையானதும் சாகாமல் மிஞ்சியதும் போக, இறந்த பாசிகள், சிறு விலங்குகளின் கழிவு, அவை உதிர்த்த சட்டை, பிசுபிசுப்பான சளி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கீழே இறங்குகின்றன. ஆழ்கடலில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் வெள்ளைத் துகள்கள் பொழிவதுபோலத் தெரியும். அதனால் இதற்குக் 'கடற்பனி' என்று பெயர். ஒரு கட்டி ஒரு நாளில் சில பத்து மீட்டரிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் வரை இறங்கும். கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். நாளொன்றுக்கு 75 மீட்டர் இறங்கும் துகளுக்கு அடியைத் தொட சுமார் 50 நாள் பிடிக்கும்.

ஆனால் பெரும்பாலானவை அடியைத் தொடுவதே இல்லை. வழியில் பாக்டீரியாக்களும் சிறு விலங்குகளும் அவற்றைத் தின்று மூச்சு விடுகின்றன. துகளில் இருந்த கார்பன் மறுபடியும் கரியமில வாயுவாக நீரில் கரைந்துவிடுகிறது. அது எந்த ஆழத்தில் கரைந்தது என்பதே முக்கியம். 100, 150 மீட்டரில் கரைந்தால், அடுத்த குளிர்காலப் புயல்கள் நீரைக் கலக்கும்போது அது மேலே வந்து காற்றில் சேர்ந்துவிடும். 1,000 மீட்டருக்குக் கீழே கரைந்தால், அந்த நீர் மறுபடி மேற்பரப்புக்கு வர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம்.

அமெரிக்கக் கடலியல் அறிஞர் ஜான் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் வடகிழக்குப் பசிபிக்கில் எடுத்த அளவுகளை வைத்து 1987ல் ஒரு சூத்திரம் தந்தார்கள். அதன்படி, 100 மீட்டர் ஆழத்தைக் கடந்து 100 பங்கு கார்பன் இறங்கினால், 1,000 மீட்டரில் சுமார் 14 பங்கும் 4,000 மீட்டரில் சுமார் 4 பங்கும்தான் மிஞ்சும். இன்றும் மாணவர்கள் இதை 'மார்ட்டின் வளைகோடு' என்று படிக்கிறார்கள். எல்லாக் கடலிலும் எல்லாப் பருவத்திலும் இது ஒரேபோல் இருப்பதில்லை என்பதும் பின்னால் தெரியவந்தது.

இந்த இயற்கையான ஏற்பாடு இல்லாதிருந்தால், காற்றில் கரியமில வாயு இப்போதுள்ளதைவிடப் பத்து லட்சத்துக்கு 150 முதல் 200 பங்கு வரை கூடுதலாக இருந்திருக்கும் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு கார்பன் இப்படி மேல்மட்டத்தை விட்டு இறங்குகிறது என்று கேட்டால், 500 கோடி டன்னிலிருந்து 1,200 கோடி டன் வரை வெவ்வேறு பதில்கள் கிடைக்கின்றன. மனிதர்கள் எரிபொருட்களால் ஆண்டுதோறும் காற்றில் சேர்க்கும் கார்பனே சுமார் 1,000 கோடி டன்தான். அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பது புரியும்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தத் துகள் மழை மனிதன் தோன்றுவதற்கு முன்பிருந்தே நடப்பது. நாம் வெளியிடும் கூடுதல் வாயுவைக் கடல் எடுத்துக்கொள்வதற்கு முதன்மையான காரணம், அது நீரில் கரைவதுதான். ஆனால் கடல் சூடாகி, நீரோட்டங்கள் மாறி, இந்தத் துகள் மழை சற்றே குறைந்தாலும் கூடினாலும் காற்றின் கணக்கு மாறும். மாறுகிறதா என்று அறிய, முதலில் அளக்கத் தெரிய வேண்டும்.

வாளி வைத்து மழை பிடிக்கும் முறை

மழையை அளக்க மொட்டை மாடியில் ஒரு பாத்திரம் வைப்போம். கடற்பனியை அளக்கவும் விஞ்ஞானிகள் அப்படித்தான் தொடங்கினார்கள். அகன்ற வாயுள்ள புனலைக் கடலுக்குள் இறக்கி, அடியில் குப்பிகளைப் பொருத்துவார்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை ஒரு குப்பி மூடிக்கொண்டு அடுத்தது திறக்கும். சில மாதங்களோ ஓராண்டோ கழித்துக் கப்பலில் போய் எடுத்து வந்து, உலர்த்தி, எடை போட்டு, கார்பன் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இதற்குப் 'படிவுப் பொறி' என்று பெயர்.

ஆழ்கடலைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்தப் பொறிகள் தந்ததே. ஆனால் சிக்கல்கள் உண்டு. நீரோட்டம் வேகமாக இருந்தால், காற்றடிக்கும்போது மழை வாளிக்குள் விழாமல் சாய்ந்து போவதுபோல, துகள்கள் புனலுக்குள் விழாமல் அடித்துச் செல்லப்படும். சிறு விலங்குகள் தாமாகவே குப்பிக்குள் நீந்தி வந்து மாட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பொறிக்கும் கப்பல் வேண்டும். ஆராய்ச்சிக் கப்பலை ஒரு நாள் ஓட்டுவதே பெரும் செலவு. தென் பெருங்கடலின் குளிர்காலத்தில் மலைபோல் எழும் அலைகளுக்கு நடுவே கப்பல் போய் நிற்பதும் கடினம்.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். வானிலிருந்து கடலின் நிறத்தைப் பார்த்து, எங்கே பாசி மிகுந்திருக்கிறது என்று அதனால் சொல்ல முடியும். ஆனால் அது பார்ப்பது கடலின் மேல்தோலை மட்டுமே. மேகம் மூடினால் அதுவும் தெரியாது. 500 மீட்டர் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பது அதன் கண்ணுக்கு எட்டாது.

ஒளி எப்படி அளவு சொல்லும்?

இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். ஒளி தடையில்லாமல் மறுபக்கம் வரும். இப்போது ஒரு சிட்டிகை கோதுமை மாவைக் கலக்குங்கள். மறுபக்கம் வரும் ஒளி மங்கும். அதே நேரத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால், முன்பு தெரியாத ஒளிக்கற்றை தண்ணீருக்குள் வெள்ளையாகத் தெரியும். மாவைக் கூட்டினால் மறுபக்க ஒளி இன்னும் மங்கும். பக்கவாட்டு ஒளி இன்னும் கூடும்.

கடலில் போகும் கருவிகள் இந்த இரண்டையும் அளக்கின்றன. விளக்குக்கும் உணரிக்கும் நடுவே உள்ள நீரில் எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்ப்பது ஒளிகடத்துமானி. துகளில் பட்டுத் திரும்பி வரும் ஒளி எவ்வளவு என்று பார்ப்பது பின்சிதறல் மானி. மூன்றாவதாக, நீல ஒளியை அடித்தால் பாசியில் உள்ள பச்சையம் சிவப்பாக ஒளிரும். அந்தச் சிவப்பை அளந்தால், துகளில் எவ்வளவு பாசி என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கும். கடல்நீரை வடிகட்டி ஆய்வகத்தில் கார்பனை எடை போட்டு, அந்த எடையோடு ஒளி அளவை ஒப்பிட்டு அட்டவணை தயாரித்துக்கொண்டால், பிறகு ஒளியை மட்டும் அளந்தே கார்பன் எவ்வளவு என்று கணிக்கலாம்.

கப்பல் இல்லாமல் கடலில் இருப்பது

இந்த உணரிகளைச் சுமந்து செல்வது மிதவை. சராசரி மனிதனின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும் ஒரு குழாய். இதற்கு இயந்திர விசிறியோ துடுப்போ இல்லை. உள்ளே எண்ணெய், வெளியே ஒரு ரப்பர் பை. எண்ணெயைப் பைக்குள் தள்ளினால் மிதவையின் பருமன் கூடி மேலே வரும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் பருமன் குறைந்து கீழே போகும். எடை மாறாமல் பருமன் மட்டும் மாறுவதால், குறைந்த பேட்டரியில் பல ஆண்டு ஓட முடிகிறது.

உலகக் கடல்களில் இப்போது ஏறத்தாழ 4,000 'ஆர்கோ' மிதவைகள் இப்படி வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும். 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோள் வழியாகத் தகவலை அனுப்பிவிட்டு மறுபடி இறங்கும். தொடக்கத்தில் இவை வெப்பத்தையும் உப்பையும் மட்டும் அளந்தன. இப்போது ஒரு பகுதியில் ஆக்சிஜன், நைட்ரேட், அமிலத்தன்மை, பச்சையம், பின்சிதறல் ஆகியவற்றை அளக்கும் உணரிகளும் உள்ளன. தகவல்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இலவசமாக வெளியிடப்படுகின்றன.

பாலைவனப் புழுதியும் பாசியும்

கார்பனை அளப்பதற்கென்றே மிதவை செய்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஜிம் பிஷப். ஒளிகடத்துமானி பொருத்திய தம் மிதவைகளுக்கு அவர் 'கார்பன் எக்ஸ்ப்ளோரர்' என்று பெயரிட்டார். 2001 ஏப்ரலில் இரண்டு மிதவைகள் வட பசிபிக்கில் விடப்பட்டன. அவை 8 மாதங்கள் தகவல் அனுப்பின.

விட்ட சில நாட்களிலேயே கோபி பாலைவனத்திலிருந்து கிளம்பிய பெரும் புழுதிப் புயல் அந்தக் கடற்பகுதியைக் கடந்து போனது. அடுத்த இரண்டு வாரங்களில் கடலின் மேல்மட்டத்தில் இருந்த உயிர்ப்பொருளின் கார்பன் ஏறத்தாழ இரு மடங்கானதை மிதவைகள் பதிவு செய்தன. அந்தக் கடலில் மற்ற சத்துகள் இருந்தும் இரும்புச் சத்துக் குறைவு. புழுதியோடு வந்த இரும்பு பாசிக்கு உரமானது என்று 2002ல் வெளியான ஆய்வு கூறியது. புயல் நேரத்தில் அங்கே கப்பல் இருந்திருக்காது. மேகத்துக்குக் கீழே செயற்கைக்கோளும் பார்த்திருக்காது. நீருக்குள் இருந்த மிதவைதான் பார்த்தது.

இரும்பு போட்டால் பாசி வளரும் என்பதில் இப்போது ஐயம் இல்லை. அப்படி வளர்ந்தது கீழே போகிறதா என்பதுதான் கேள்வி.

தென் பெருங்கடலில் கிடைத்த பதில்

2002 ஜனவரி, பிப்ரவரியில் அமெரிக்க விஞ்ஞானிகள் தென் பெருங்கடலில் இரண்டு இடங்களில் இரும்பைக் கரைத்துச் சோதனை நடத்தினார்கள். பிஷப்பின் மிதவைகளும் அங்கே விடப்பட்டன. 55 டிகிரி தெற்கில் இரும்பு போட்ட நீரில் உயிர்ப்பொருளின் கார்பன் நான்கு மடங்குக்கு மேல் கூடியது. 100 மீட்டரைக் கடந்து இறங்கிய கார்பனும் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை கூடியது. பலருக்கும் இது நம்பிக்கை தந்தது.

கப்பல்கள் திரும்பிய பின்னும் மிதவைகள் அங்கேயே இருந்து, குளிர்காலத்தையும் கடந்து அளந்தன. அவற்றில் ஒரு எளிய உத்தி இருந்தது. மிதவை ஆழத்தில் சும்மா இருக்கும் நேரத்தில், மேல்நோக்கி இருக்கும் ஒளிகடத்துமானியின் கண்ணாடியில் துகள்கள் வந்து படியும். நிறுத்தி வைத்த காரின் கண்ணாடியில் தூசு படிவதுபோல்தான். படியப் படிய ஒளி மங்கும். பிறகு கண்ணாடி கழுவப்பட்டதும் ஒளி பழைய நிலைக்கு வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து அந்த நேரத்தில் எவ்வளவு துகள் விழுந்தது என்று கணக்கிடலாம்.

ஆண்டு முழுவதும் இப்படி எடுத்த கணக்கை 2009ல் பிஷப்பும் அவருடைய சகாவும் வெளியிட்டார்கள். மேலே பாசி மிகுந்திருந்த இடத்திலும் பருவத்திலும், 800 மீட்டர் ஆழத்துக்கு வந்த கார்பன் அதற்கேற்ப மிகுதியாக இல்லை. கடலின் பசுமையை மட்டும் பார்த்து ஆழத்தின் கணக்கை எழுத முடியாது என்பது உறுதியானது.

அதே 2009ல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து தென் பெருங்கடலின் அட்லாண்டிக் பகுதியில் ஒரு சோதனை நடத்தின. 'லோஹா' என்றால் இந்தியில் இரும்பு. அதனால் 'லோஹாஃபெக்ஸ்' என்று பெயர். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானி வாஜிஹ் நக்வியும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்தைச் சேர்ந்த விக்டர் ஸ்மெட்டாசெக்கும் தலைமை வகித்தார்கள். ஆக்சிஜன் குறைந்த கடல்நீர் பற்றிய ஆய்வுகளால் அறியப்பட்டவர் நக்வி. பின்னாளில் கோவா நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். சுற்றுச்சூழல் அமைப்புகளின் எதிர்ப்பால் ஜெர்மன் அரசு சோதனையைச் சில நாள் நிறுத்தி வைத்து, பின்னர் அனுமதித்தது.

சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு கரைக்கப்பட்டது. பாசி வளர்ந்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைவு. கண்ணாடிபோன்ற சிலிக்கா ஓடு கொண்ட டயாட்டம் வகைப் பாசிகளுக்குச் சிலிக்கா இல்லாமல் வளர முடியாது. எனவே ஓடில்லாத சிறிய பாசிகளே பெருகின. அவற்றைச் சிறு இறால்போன்ற கோபிபாடுகள் தின்றன. கோபிபாடுகளை அவற்றைவிடப் பெரிய ஆம்பிபாடுகள் தின்றன. நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் பொறிகளை வைத்து அளந்தபோது, ஆழத்துக்கு இறங்கும் துகள்களின் அளவு கூடியிருக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004ல் தென் பெருங்கடலின் வேறொரு பகுதியில் நடந்த சோதனையில், சிலிக்கா இருந்ததால் டயாட்டம்கள் செழித்தன. அந்தப் பெருக்கத்தில் குறைந்தது பாதி 1,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது என்று 2012ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அதாவது, இரும்பு ஒன்றுதான்; இடத்துக்கு இடம் விளைவு வேறு. எந்த நீர், எந்தப் பாசி, யார் தின்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. அளக்காமல் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

விழும் துகளைப் படமெடுக்கும் கருவி

ஒளி எவ்வளவு குறைந்தது என்ற ஒற்றை எண், துகள் என்ன வகை என்று சொல்லாது. பிஷப்பின் குழு அடுத்துச் செய்த 'கார்பன் ஃப்ளக்ஸ் எக்ஸ்ப்ளோரர்' அந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. இதில் புனல் வழியாக விழும் துகள்கள் ஒரு கண்ணாடித் தட்டில் படியும். கீழே உள்ள கேமரா குறிப்பிட்ட இடைவெளியில் படமெடுக்கும். சில படங்களுக்குப் பின் தட்டு நீரால் கழுவப்பட்டு மறுபடி தொடங்கும்.

ஒரே துகளை மூன்று விதமான ஒளியில் எடுப்பதுதான் இதன் சிறப்பு. பின்னாலிருந்து ஒளி அடித்தால் துகளின் நிழல் தெரியும். அதிலிருந்து உயிர்ப்பொருள் கார்பனைக் கணக்கிடலாம். பக்கத்திலிருந்து அடித்தால் அதன் நிறமும் வடிவமும் தெரியும். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே பார்த்தால், சுண்ணாம்பு ஓடுகள் மட்டும் இருட்டில் மின்னும். இதனால் உயிர்ப்பொருள் கார்பன் எவ்வளவு, சுண்ணாம்பில் உள்ள கார்பன் எவ்வளவு என்று பிரித்துக் காணலாம்.

2013 ஜனவரியில் கலிஃபோர்னியா கடலோரத்தில் இதை விட்டபோது, விழும் கார்பனை மணிக்கு மணி அளந்து சொன்னது. பாசி குறைவாக இருக்கும் என்று கருதப்படும் குளிர்காலத்திலும் எதிர்பாராத அளவு கார்பன் இறங்குவது தெரியவந்தது. எப்போதாவது வந்து விழும் பெரிய கட்டிகளே அதில் பெரும்பங்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு குப்பி நிரம்பும் பொறியில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாமலே போயிருக்கும்.

பிரான்ஸின் வில்ஃப்ரான்ஷ் நகரக் கடலியல் ஆய்வகத்தில் வேறொரு வழியில் போனார்கள். தட்டில் படிந்ததை அல்லாமல், நீரில் மிதந்துகொண்டிருக்கும் துகள்களை மின்னல்போன்ற ஒளியில் படமெடுத்து எண்ணி அளவெடுக்கும் கேமராவை உருவாக்கினார்கள். அதன் சிறிய வடிவம் இப்போது மிதவைகளில் பொருத்தப்படுகிறது.

காணாமல் போகும் பாதி

ஆளில்லா மிதவைகளின் தகவலால் அண்மையில் விடை கிடைத்த கேள்வி ஒன்று உண்டு. பெரிய துகள்கள் இறங்க இறங்க மறைந்துகொண்டே போகின்றன. எல்லாவற்றையும் விலங்குகளும் பாக்டீரியாக்களும் தின்று தீர்க்கின்றனவா?

பின்சிதறல் மானியில் பெரிய கட்டி ஒன்று கடக்கும்போது வரைபடத்தில் கூரான முள்போல ஒரு ஏற்றம் தோன்றும். சிறு துகள்கள் சீரான அடிக்கோடாகத் தெரியும். இரண்டையும் பிரித்தெடுத்தால் பெரிய துகளும் சிறிய துகளும் எவ்வளவு என்று தனித்தனியே அறியலாம். வட அட்லாண்டிக்கிலும் தென் பெருங்கடலிலும் மிதவைகள் பதிவு செய்த தகவலை நேதன் பிரிக்ஸ், ஜோர்ஜோ டால்ஓல்மோ, எர்வே கிளோஸ்த்ர் ஆகிய மூவர் இப்படி ஆராய்ந்து 2020ல் வெளியிட்டார்கள். மறையும் பெரிய துகள்களில் ஏறத்தாழ பாதி, தின்னப்படாமல் சிறு துண்டுகளாக உடைந்துபோகிறது என்பது அவர்களின் முடிவு. உடைந்த துண்டு மெல்ல இறங்கும். மெல்ல இறங்குவது ஆழத்தை எட்டுவதற்குள் பாக்டீரியாவுக்கு இரையாகும். கார்பன் எந்த ஆழத்தில் கரைகிறது என்பதை இந்த உடைதல் பெரிய அளவில் தீர்மானிக்கிறது.

நம்மைச் சுற்றியுள்ள கடல்கள்

வளைகுடாவுக்குப் போய்வரும் நம் குடும்பங்கள் விமானத்தில் கடக்கும் அரபிக்கடல், இந்த ஆய்வுக்கு உலகின் முக்கியமான இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரையோரம் வேகமாக வீசும்போது, அடியிலிருக்கும் குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. பாசி பெருகுகிறது. கோவா நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் 1986 முதல் அங்கே பொறிகளை வைத்து அளந்தன. பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழத்துக்கு இறங்கும் துகள் வெகுவாகக் கூடுவதை 1989ல் வெளியிட்டன.

வங்காள விரிகுடாவின் கதை வேறு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலே ஒரு மூடிபோல் பரவி, அடிநீர் மேலே வருவதைத் தடுக்கிறது. அதனால் பாசி பெருக்கம் மட்டுப்படுகிறது. ஆனால் அதே ஆறுகள் கொண்டுவரும் களிமண் துகள்கள் பாசிக் கட்டிகளோடு ஒட்டிக்கொண்டு எடை கூட்டுகின்றன. தூண்டிலில் ஈயக் குண்டு கட்டுவதுபோல், அந்த எடை கட்டிகளை வேகமாகக் கீழே இழுக்கிறது.

இறங்கும் துகள் வழியில் மக்கும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அரபிக்கடலில் சுமார் 150 முதல் 1,000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த அடுக்கு மேலேறினால் மீன்கள் இடம்பெயரும். எனவே துகள்களின் கணக்கு மீனவர்களின் வாழ்வாதாரத்தோடும் தொடர்புடையது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் இந்தியப் பெருங்கடலின் ஆர்கோ தகவல்களைத் தொகுத்து வழங்குகிறது. ஆக்சிஜன், பச்சையம் ஆகியவற்றை அளக்கும் மிதவைகளையும் இரு கடல்களிலும் விட்டிருக்கிறது.

கருவிகளின் வரம்பு

இந்தக் கருவிகள் பிழையற்றவை அல்ல. ஒளியை அளந்து கார்பனைக் கணிப்பதால், துகளின் வகை மாறினால் கணக்கும் மாறும். அதே அளவு நிழல் விழும் இரண்டு துகள்களில் ஒன்றில் கார்பன் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் இருக்கலாம். இதைச் சரிபார்க்கவே, பிஷப்பின் குழு படமெடுக்கும் மிதவையிலேயே துகளைப் பிடித்து வைக்கும் குப்பிகளையும் பொருத்திக் கொண்டுவந்து, ஆய்வகத்தில் அளந்து ஒப்பிட்டது. நாட்பட நாட்பட உணரியின் கண்ணாடியில் பாசி படியும், பேட்டரி தீரும், பெரும்பாலான மிதவைகளைத் திரும்ப எடுக்க முடியாது. பரந்த கடலுக்கு மிதவைகளின் எண்ணிக்கையும் போதாது. உயிர்வேதியியல் உணரிகள் கொண்ட மிதவைகள் உலகெங்கும் 1,000 வேண்டும் என்பதே விஞ்ஞானிகளின் இலக்கு. அமெரிக்கா மட்டும் 500 மிதவைகளைச் செய்து விடுவதற்கான திட்டத்தை 2020ல் அறிவித்தது.

ஆகவே பொறியும் கப்பலும் தேவையற்றுப் போகவில்லை. அவை துல்லியத்தைத் தருகின்றன. மிதவைகள் தொடர்ச்சியைத் தருகின்றன.

நாம் கேட்க வேண்டியவை

2012ல் கனடாவின் மேற்குக் கரையில் ஹைடா குவாய் தீவுகளுக்கு அப்பால் சுமார் 100 டன் இரும்புச் சேர்மம் கடலில் கொட்டப்பட்டது. சால்மன் மீன் பெருகும், கார்பன் கிரெடிட் விற்கலாம் என்பது கொட்டியவர்களின் எதிர்பார்ப்பு. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அடுத்த ஆண்டே, கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் நெறிமுறையின் உறுப்பு நாடுகள், இத்தகைய செயல்களை ஒழுங்குபடுத்தும் திருத்தத்தை ஏற்றன. எனினும் கடலைப் பயன்படுத்திக் கார்பனைக் குறைப்போம் என்று கூறும் திட்டங்கள் ஓயவில்லை, இனியும் வரும். அவற்றில் நேர்மையானவையும் இருக்கலாம்.

அப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது சில கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மேலே பாசி வளர்ந்ததை மட்டும் காட்டுகிறார்களா, கீழே விழுந்ததையும் காட்டுகிறார்களா? எந்த ஆழத்தில் அளந்தார்கள், 100 மீட்டரிலா, 1,000 மீட்டரிலா? சில நாள் அளந்தார்களா, குளிர்காலமும் கடந்து ஆண்டு முழுவதும் அளந்தார்களா? இரும்பு போடாத பக்கத்து நீரிலும் அளந்து ஒப்பிட்டார்களா? தகவலை மற்றவர்கள் சரிபார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்களா?

அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. ஆர்கோ மிதவைகளின் தகவல் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கணினியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், அரபிக்கடலிலோ வங்காள விரிகுடாவிலோ இன்று போய்க்கொண்டிருக்கும் ஒரு மிதவையைத் தேர்ந்தெடுத்து, அது கடைசியாக மேலே வந்தபோது என்ன அளந்தது என்று வீட்டிலிருந்தே வரைந்து பார்க்கலாம். கல்லூரித் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவ மாணவியர் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.